எங்கள் தொட்டித் தண்ணீர் போன வழி

வீட்டுக்காரப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிக்கு ஏறி வரமாட்டார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கீழே நின்று கைதட்டிக் கூப்பிடுவார். அன்றைக்கு ஏறி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு நாளைக்கு மூணு தடவ மோட்டார் போடுறேன். மூணு தடவையும் தொட்டி வத்திப் போயிருது. போர்லயும் தண்ணி எறங்கிக்கிட்டே இருக்கு. போன கோடையில மோட்டார் காயில் பொகஞ்சு, புதுசாக் கம்பி சுத்தி, நான் பட்ட பாடு ஒங்களுக்கே தெரியும். கோவிச்சுக்காதீங்க, இந்த மாசக் கடைசியில வேற வீடு பாத்துக்கங்க."

அம்மா அறைப்பக்கம் திரும்பினாள். உள்ளே அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். ஆபரேஷன். மூன்றாம் மாதம் முடிந்து கட்டுமாவடியில் மாமியார் வீட்டுக்கு அவள் போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் திருக்கோகர்ணத்தில் இந்த மாடி வீடு எங்களுக்கு வேண்டும். அப்பா கத்தாரில். அம்மா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், காலை எட்டரைக்கு டவுன் பஸ் பிடித்தால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். மாசக் கடைசிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. பச்சைப் பிள்ளையையும் தையல் காயாதவளையும் வைத்துக்கொண்டு யார் வீடு தேடுவது, எந்த வீட்டுக்காரர் கொடுப்பார்?

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எத?" என்றாள் அம்மா.

"தண்ணி எங்க போகுதுன்னு."

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கு நடுவே கை சும்மா இருக்காது. சொட்டுகிற குழாயைக் கழற்றி வாஷர் மாற்றுவேன், ஷவரில் அடைத்த உப்பை வினிகரில் ஊறவைத்து எடுப்பேன், மிக்சியைப் பிரிப்பேன். சிலதைத் திரும்பச் சேர்த்தும் விடுவேன். ஒரு ஸ்பேனரும் குழாய் அறுக்கிற ஒரு பழைய ஆக்சா பிளேடும் என் பொது அறிவுப் புத்தகத்துக்கு அடியிலேயே கிடக்கும்.

முதலில் பிளம்பருக்குத்தான் போன் போட்டேன். "அறந்தாங்கி சைட்ல இருக்கேன் பாப்பா. செவ்வாக்கெழம வாரேன்" என்றார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

சரி, நாமே பார்ப்போம்.

அன்று மதியமே எங்கள் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். குழாய்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு டம்ளர் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். சமையலறையில் மட்டும் நாலைந்து சொட்டு. அடுத்தது கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. அது உள்ளுக்குள்ளேயே ஒழுகினால் வெளியே தெரியாது, சத்தமும் வராது. மூடியைத் திறந்து ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, யாரும் போகக்கூடாது என்று கதவைச் சாத்தினேன்.

"எனக்கு அவசரம்டி" என்றாள் அக்கா.

"இருபது நிமிசம்."

"கொழந்த பெத்தவகிட்ட இருபது நிமிசம்ங்கிற. நீயெல்லாம் கலெக்டராகி என்னத்தக் கிழிக்கப் போறியோ."

இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் பீங்கானில் மெல்லிய மஞ்சள் கோடு. ஆக, ஒழுகுகிறது. துள்ளினேன். கடைக்கு ஓடிப்போய் ஃபிளஷ் அடைப்பு ரப்பர் வாங்கிவந்து மாற்றினேன். சமையலறைக் குழாய்க்கும் புது வாஷர். மாலை அம்மா வந்ததும் "முடிஞ்சுருச்சு, பெரியம்மாட்டச் சொல்லிரு" என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொட்டி காலி. கீழேயிருந்து கைதட்டல்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் நாம் தேடிய கோளாறு என்று ஆகிவிடாது. அந்த மஞ்சள் கோட்டில் போகிற தண்ணீர் ஒரு நாளைக்கு ரெண்டு குடம் இருந்தால் அதிகம். தொட்டியோ ஆயிரம் லிட்டர். நான் அளக்கவே இல்லை. இயற்பியல் படித்தவள் அளக்காமல் துள்ளியிருக்கிறேன்.

எனவே அளக்க ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் தொட்டியிலிருந்து ரெண்டு குழாய் இறங்கும். ஒன்று எங்களுக்கு, ஒன்று கீழ் வீட்டுக்கு. ரெண்டுக்கும் மேலேயே தனித்தனி கேட் வால்வு. ஒட்டடைக் கம்பைக் கழுவி, தொட்டிக்குள் அடிவரை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் நூல் கட்டினேன். பெரியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், கீழே யாரும் தண்ணீர் புழங்கவில்லை. எங்கள் வால்வை மூடி, கீழ் வால்வைத் திறந்தே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நூலுக்குக் கீழே ஐந்து விரல் இறங்கியிருந்தது. அடுத்து கீழ் வால்வை மூடி, எங்களுடையதைத் திறந்துவிட்டு, அக்காவிடம் ஒரு சொட்டு எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

தண்ணீர் போவது எங்கள் வழியாக இல்லை!

பங்குனி வெயிலில் மொட்டை மாடித் தளம் காலைச் சுட்டது. அதைக்கூடக் கவனிக்காமல் குதித்துக்கொண்டே இறங்கினேன். பெரியம்மா பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட்டிலேயே மறித்துச் சொன்னேன், கம்பையும் நூலையும் காட்டி.

அவர் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அளவு என்றால் அவருக்கும் புரியும்.

"அப்ப ஆயிரம் லிட்டரையும் நான் ஒருத்தியே குடிச்சிட்டேங்கிற?"

"அப்படிச் சொல்லல பெரியம்மா. ஒங்க லைன்ல எங்கயோ போகுது. எங்க மேல தப்பில்லன்னுதான் சொல்றேன்."

"வா. வந்து காட்டு."

வீடு முழுக்கத் தேடினேன். சுவர் ஈரமில்லை, தரை ஈரமில்லை, குளியலறை ஓடு தட்டினால் கணீரென்கிறது. தோட்டத்தில் எந்தச் செடியும் கூடுதலாகச் செழித்திருக்கவில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான லிட்டர் போகிறது, ஒரு கைக்குட்டை அளவு ஈரம்கூட எங்கும் இல்லை. பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏம்புள்ள, தண்ணி எங்கிட்டுப் போச்சு? ஆவியாயிருச்சா?"

கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தேன். "ஞாயித்துக்கெழம ஒரு குடும்பம் மாடியப் பாக்க வருது. வீட்டக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வச்சிருங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அன்று வியாழன்.

சாயங்காலம் மேலே அம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தாள். "கட்டாதம்மா" என்றேன். "கட்டுறேன். நீ கண்டுபிடிச்சா அவுத்துக்கலாம்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளத்து வீட்டுச் சித்தி கூப்பிட்டார். சொந்தமில்லை, தெருமுறைக்குச் சித்தி. எங்கள் தெரு குளத்தைப் பார்த்துச் சரிவாக இறங்கும். அவர் வீடு கடைசிப் பள்ளத்தில். நான் எல்லாம் ரிப்பேர் செய்வேன் என்ற பெயர் அதுவரைக்கும் இறங்கியிருந்தது.

"இந்தக் குக்கரப் பாரு ஆத்தா. ஏழு விசிலு விட்டேன். துவரம் பருப்பு கல்லு மாதிரி கெடக்கு."

குக்கரைப் பார்த்தேன். ரப்பர் நன்றாக இருந்தது, வெயிட் நன்றாக இருந்தது. பருப்பை நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

"உப்புத் தண்ணியிலயா போட்டீங்க?"

"சே, காவிரித் தண்ணிதான். இந்தா, கொடத்துலேருந்து மோந்து வச்சேன்."

டம்ளரில் வாங்கிக் குடித்தேன். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் பல் தேய்த்துக் கொப்பளிக்கிற தண்ணீர் அது. எங்கள் போர்த் தண்ணீர்.

"காவிரித் தண்ணி போன திங்கக்கெழமதானே விட்டாங்க சித்தி? இது எப்பப் புடிச்சது?"

சித்தி வாசலை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "நீ யார்ட்டயும் சொல்லாத. எங்க குழியில மட்டும் தெனமும் வருது. விடியக்காலம் அஞ்சாறு கொடம். மத்தியானமும் கொஞ்சம். மிச்சமெல்லாம் குழி மண்ணுல எறங்கிருது."

நகராட்சி விடுகிற இந்தக் காவிரித் தண்ணீர் எங்களுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை. வருகிற வேகம் தரைக்கு மேல் ஏறாது. அதனால் எல்லா வீட்டு முன்னாலும் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள்தான் குழாய். எந்த நேரத்தில் திறந்துவிடுவார்கள் என்று தெரியாதே. தெருவில் பாதிப்பேர் குழாயைத் திறந்தே போட்டுக் கீழே பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிடுவார்கள். வெறும் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் அறிவிப்பு. சித்தியின் குழாயும் அப்படித்தான் எப்போதும் திறந்திருக்கும்.

அவர் வீட்டு வாசலிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் தொட்டித் தண்ணீர் எங்கேயும் ஒழுகவில்லை. தெருவின் நகராட்சிக் குழாய்க்குள் நுழைந்து, சரிவில் ஓடி, பள்ளத்தில் திறந்திருக்கிற வாய் வழியாக வெளியே வருகிறது. உப்புத் தண்ணீர்க் குழாயும் நல்ல தண்ணீர்க் குழாயும் எங்கள் வீட்டில் எங்கேயோ கைகோத்திருக்கின்றன.

ஓடினேன். பெரியம்மா வீடு பூட்டியிருந்தது. ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் காலையிலேயே போய்விட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். டம்ளரின் அடியைக் குழாயில் ஊன்றி, வாயில் காதை வைத்தால், உள்ளே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது நன்றாகக் கேட்கும். சமையலறைப் பக்கச் சுவரில் லேசாக ஒரு "ஸ்ஸ்". துணி துவைக்கிற கல்லை நோக்கி நகர நகரச் சத்தம் கூடியது. கல்லுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், ரெண்டு குழாய்களையும் இணைத்து ஒரு சின்ன வால்வு. முன்னொரு கோடையில் போர் வற்றியபோது, நகராட்சித் தண்ணீரைக் கீழ் வீட்டுக்குள் கொண்டுவர யாரோ போட்ட இணைப்பு. போரில் தண்ணீர் இருக்கும்வரை அது மூடியே இருக்கவேண்டும்.

மூடித்தான் இருந்தது. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் டம்ளரை வைத்தால் பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். கைப்பிடிக்கு அடியில் கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப் துண்டு.

நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டியூப் துண்டை வெட்டியது நான். அந்தக் கைப்பிடியை மாட்டியதும் நான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் பிள்ளைத் துணி துவைக்க இறங்கியபோது, அந்த வால்வின் கைப்பிடி துருப்பிடித்து உடைந்து தொங்குவதைப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பழைய இரும்புக் கடையில் வேறொரு வால்வின் கைப்பிடி வாங்கிவந்தேன். இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க வால்வைத் திறந்து மூடுகிற தண்டை ஸ்பேனரால் இங்கிட்டும் அங்கிட்டும் திருகினேன். கைப்பிடியின் துளை கொஞ்சம் பெரிசு. டியூப் துண்டு திணித்து இறுக்கினேன், அழகாகக் குறுக்கே நிற்க வைத்தேன். உள்ளே தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. அது ஒரு கீற்று திறந்தே நின்றிருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் ரப்பர் மட்டும் சுழலும், தண்டு அசையாது. வெளியே மூடிய கோலம், உள்ளே ரெண்டு வாரமாக ஓட்டம்.

இத்தனை சோதனை செய்த நான், எந்தப் பிளம்பரும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை: எப்போதிலிருந்து? கேட்டிருந்தால் முதல் நாளே இந்தக் கல்லில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

மேலே ஓடிப்போய்க் கீழ் வீட்டு வால்வை மூடினேன். இறங்கி வந்து டம்ளரை வைத்தால் சீறல் நின்றிருந்தது. பிறகு யோசித்தேன். பெரியம்மா வர மூன்று மணி நேரமாவது ஆகும். புது வால்வு வாங்கி, அறுத்து, ஒட்டி, மண்ணைத் தடவிவிட்டால் யாருக்கும் தெரியாது. ரோட்டுக் குழாயில் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். வீடு மிஞ்சும். உண்மையைச் சொன்னால் அந்தப் பதினோரு நாளில் மிச்சமிருப்பதும் இல்லாமல் போகலாம். ஆனால் நேற்று கேட்டை மறித்து நின்று எங்க மேல தப்பில்ல என்று சொன்ன வாய் இது. அடுத்தவர் வீட்டுக் குழாயைக் கேட்காமல் தொட்டதால்தான் இந்த வினை. இன்னொரு முறை கேட்காமல் அறுக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். போன் போட்டேன்.

கல்யாண வீட்டு மேளம் காதைப் பிளந்தது.

"பெரியம்மா, கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னாது? பந்தியில ஒக்காந்திருக்கேன். சத்தமாச் சொல்லு."

"தண்ணி போற எடத்தக் கண்டுபிடிச்சுட்டேன்!"

"மேளம் அடிக்கிறாகடி, இன்னும் சத்தமா!"

பின்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "தப்பு என்னோடது பெரியம்மா! கல்லுக்குப் பின்னால இருக்கிற வால்வுக் கைப்பிடிய நாந்தான் தப்பா மாட்டிட்டேன்! தண்ணியெல்லாம் ரோட்டுக் குழாய்ல போயிருச்சு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் அக்கா பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். போனில் மேளச் சத்தம் விலகியது, பந்தியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு பெரியம்மா, "தொடாத. வாரேன்" என்றார்.

ரெண்டு மணி நேரம் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். தாம்பூலப் பையோடு நேராகப் பின்பக்கம் வந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து வால்வைப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டினார், அது லொடலொடவென்று சுற்றியது.

"ஒன்னைய யாரு இதத் தொடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நான் ஒங்க அம்மாவ என்ன பேச்சுப் பேசிட்டேன். அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. ஒன்னோட பைத்தியத்துக்கு அது பேச்சு வாங்கிருக்கு."

இந்த ஒரு அடி நான் எதிர்பார்க்காதது. திட்டுவார், வெளியே போ என்பார் என்று தயாராக இருந்தேன். அம்மா வாங்கிய பேச்சை யோசிக்கவே இல்லை.

"புது வால்வு வாங்கியாந்து போட்றவா?"

"வால்வே வேணாம். குடிக்கிற தண்ணியும் பொழங்குற தண்ணியும் சேரவே கூடாது. அறுத்து ரெண்டு பக்கமும் மூடு. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

கடைக்காரரிடம் குழாய் முனையை மூடுகிற ரெண்டு எண்ட் கேப்பும் சின்ன டப்பா பசையும் கேட்டேன். "யாருக்குப் பாப்பா, ஆள் வந்திருக்காரா?" என்றார். "நாந்தான் ஆள்." "அப்ப இன்னும் ரெண்டு கேப் சேத்து வாங்கிக்க, தேவப்படும்" என்று சிரித்தார். வாங்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

வாசல் குழியில் இறங்கி எங்கள் குழாயைத் திறந்துவிட்டேன், அதுதான் எல்லாவற்றிலும் தாழ்வு. நகராட்சிப் பக்கம் நின்ற தண்ணீர் அதன் வழியாக வடிந்தது. கீழ் வீட்டுக் குழாய்களையும் திறந்து அந்தப் பக்கத்தையும் வடித்தேன். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. பிளேடை நேராகப் பிடித்து ரெண்டு இடத்தில் அறுத்தேன். வால்வு கையோடு வந்தது. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, பசை தடவி, கேப்பைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். பெரியம்மா வாய்விட்டு எண்ணினார். முப்பதுக்கு மேலும் எண்ணினார். அறுபதில்தான் "விடு" என்றார்.

"ஒரு மணி நேரம் காயணும்."

"ரெண்டு மணி நேரம் காயட்டும். நீ அதுக்குள்ள பள்ளம் வரைக்கும் வீடு வீடாப் போயிட்டு வா. ரெண்டு வாரமா நம்ம தொட்டித் தண்ணியக் குடிச்சிருக்காக. அதுல எப்பக் கழுவுனேன்னு எனக்கே தெரியல. சொல்லணும்ல?"

அறுப்பதைவிட இது கஷ்டம். ஐந்து வீடு. நாலு வீட்டில் குழாயை மூடியே வைத்திருந்ததால் பெரிதாக எதுவும் வரவில்லை. தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கொட்டிவிடுங்கள் என்றேன். ஐந்தாவது பள்ளத்து வீடு.

"அப்ப எனக்கு மட்டும் வந்தது ஒங்க வீட்டு குளிக்கிற தண்ணியா?" சித்தி குடங்களைப் பார்த்தார். மூன்று குடம் நிறைய இருந்தது. "நான் நேத்துத்தான் நாத்தனாருக்கு ரெண்டு கொடம் குடுத்துவிட்டேன், பெருமையா."

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணலயே சித்தி?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல. மனசுக்குத்தான்." பிறகு கேட்டார், "சுத்தமா மூடிட்டியா? பாத்திரம் கழுவக்கூட வராதா?"

மூடிவிட்டேன் என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு குடம் காவிரித் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவர் பருப்பு வெந்தது.

ஐந்து மணிக்கு, ரெண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் அதிகமாகவே காயவிட்டு, மேலே போய் வால்வைத் திறந்தேன். பெரியம்மா கேப்புகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து, விஷயம் எல்லாம் தெருமுனையிலேயே தெரிந்துகொண்டு, நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இவ செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"நீங்க என்னத்துக்குக் கேக்குறீங்க? ஒங்க பொண்ணுதான் ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்திருச்சே. நான்தான் ஒங்களப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க." பெரியம்மா தாம்பூலப் பையை அம்மா கையில் திணித்தார். பிறகு போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவர்களைக் கூப்பிட்டார். "மாடி காலியாகலப்பா. பச்சப்புள்ள இருக்கு. புள்ள கட்டுமாவடிக்குப் போற வரைக்கும் இந்தப் பேச்சே வேணாம்."

அதற்கப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ. எம் வீட்டுல ஒரு திருகாணியத் தொடணும்னாலும் மொதல்ல எங்கிட்ட வந்து கேக்கணும். சரின்னு சொன்னாத்தான் தொடணும்."

"சரி பெரியம்மா."

"மாட்டுனது உள்ள எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் கைய எடுக்கணும்."

"சரி பெரியம்மா."

அம்மா மாடிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்துப் பித்தளைக் குண்டானை அடுப்பில் ஏற்றினாள். பிள்ளைக்கு அன்றைக்குக் குளிப்பாட்டு இன்னும் ஆகவில்லை. அக்கா உள்ளேயிருந்து, "தண்ணி எடுக்கலாமாடி, இல்ல இன்னும் சத்தியமா?" என்று கேட்டாள்.

"எடு" என்றேன்.